அரைக்கம்பம்

எட்டு மணிக்கு ஏற்ற வேண்டும் என்பது விதி.
கயானியில் டிசம்பர் மாதத்து எட்டு மணி
விடியாத இரவின் மிச்சம்.
கண்ணுக்குத் தெரியாத கொடியை
கண்ணுக்குத் தெரியாத உச்சிக்கு இழுக்கிறேன்.
கையுறை போட்டால் முடிச்சு பிடிபடாது.
கழற்றினால்
கயிறு தோலைக் கேட்கும்.

முப்பத்திரண்டு வீடுகள். ஒரு கம்பம்.
குடியிருப்பவர் ஒருவர் இறந்தால்
கொடி தாழப் பறக்கும்.
மந்திரிக்கு மட்டுமல்ல,
வாடகை பாக்கி வைத்துவிட்டுப் போனவருக்கும்.
பின்லாந்தில் அது வழக்கம்.

இந்தக் கட்டடத்துக்குக் காவலாளாக வந்த புதிதில்
அது எனக்கு ஒரு துணி.
துடைப்பங்களுக்கும் உப்பு மூட்டைக்கும் நடுவே
பிளாஸ்டிக் வாளியில் சுருண்டு கிடந்தது.
ஓரம் நைந்து நூல் தொங்கியது.
நீலச் சிலுவையின் மேல் எண்ணெய்க் கறை.
தூரத்திலிருந்து யாருக்குத் தெரியப்போகிறது
என்று அப்படியே ஏற்றினேன்.

இறந்திருந்தவர் மூன்றாம் மாடி லெம்பியின் கணவர்.
லெம்பி ஜன்னலுக்கு வந்தாள்.
கொடியைப் பார்த்தாள்.
என்னைப் பார்க்கவில்லை.
திரையை இழுத்து விட்டாள்.

அத்தனை சத்தமாக
அதற்கு முன்னும் பின்னும்
யாரும் என்னைத் திட்டியதில்லை.

துணிதானே என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.
துணிதான்.
அன்று லெம்பியின் கணவர் முகத்தில்
இழுத்துப் போர்த்தியதும் துணிதான்.
அதில் எண்ணெய்க் கறை இருந்ததா?

இப்போதெல்லாம் நானே துவைக்கிறேன்.
மற்றத் துணிகளோடு வெளியே
கொடியில் காயப்போடக் கூடாது கொடியை.
வீட்டுக்குள்தான் உலர வேண்டும்.
என் சமையலறையோ ஒற்றை ஆள் அகலம்.
அலமாரிக் கதவிலிருந்து ஜன்னல் கொக்கிவரை
கூரைபோல் விரித்துவிட்டு
குனிந்து குனிந்து காப்பி போடுகிறேன்.
பிடரியில் சொட்டுகிறது.
ஒரு குடியரசின் கீழே நின்று
முட்டை பொரிப்பவன்
இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஹெய்ஸ்கனென் செத்தபோது
இஸ்திரிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் யோசித்தேன்.
என் மண்வெட்டிச் சத்தத்தைப் பற்றி
பதினாலு புகார்க் கடிதங்கள் எழுதிய மனிதர்.
படிக்கட்டில் எதிர்ப்பட்டால்
சுவருக்கு வணக்கம் சொல்வார்.
பதினாலு கடிதமும் மனதில் ஓடி முடிவதற்குள்
ஓரம் முழுக்கத் தேய்த்து முடித்திருந்தேன்.
அன்று ஒவ்வொருவராக அண்ணாந்து பார்த்து
யார், யார் என்று கேட்டார்கள்.
முப்பத்தொரு வீடுகளிலும்
அவர் பெயர் பேசப்பட்ட ஒரே நாள்.

நேற்று லிபான்.
நாலாம் எண் பேருந்து ஓட்டுபவர்.
கடைசி நிறுத்தத்தில் வண்டியை ஒழுங்காக நிறுத்தி
கதவைத் திறந்துவிட்டு
அப்புறம்தான் நெஞ்சைப் பிடித்தாராம்.

இன்று காலை இருட்டில்
மேலே ஏதோ ஒரு பால்கனியிலிருந்து ஒரு குரல்:
"அவர்களுக்குமா?"
கயிற்றின் நுனி என் பல்லில் இருந்தது.
பதில் சொல்ல வாய் இல்லை.
இரண்டு கையாலும் இழுத்தேன்.

பத்து மணிக்கு வெளிச்சம் வந்தபோது
பனி பெய்துகொண்டிருந்தது.
வெள்ளை வெள்ளையில் கரைந்து
நீலம் மட்டும் காற்றில் நின்றது.

இரண்டு மணிக்குச் சூரியன் கிளம்பிவிடும்.
இறக்கப் போனேன்.
ஹோதான் வந்து நின்றாள்,
வீட்டுச் செருப்போடு,
லிபானின் பேருந்துக் கோட்டைப் போர்த்திக்கொண்டு.
நான் இழுத்ததும் கொடி மேலே போனது.

"கீழேதானே?" என்றாள்.
"முதலில் உச்சிக்கு" என்றேன்.
"அங்கே போய்த்தான் இறங்க வேண்டும்."

போனது.
கூரைகளுக்கு மேலே மட்டும் மிச்சமிருந்த வெயில்
ஒரு கணம் அதைப் பிடித்து வைத்திருந்தது.
நாங்கள் இருவரும் அண்ணாந்து நின்றோம்.

இறங்கி வரும்போது
யாரும் சொல்லாமலே
இரண்டு கைகளையும் நீட்டினாள்,
ஓரம் பனியைத் தொடாதபடி.

சேர்ந்து மடித்தோம்.
மடிப்பு கோணலாக வந்தது.
குளிரில் அவள் விரல் நடுங்கியது, எனக்கும்தான்.
போதும் என்று இருவரும் சொல்லவில்லை.

பிரித்து
இன்னொரு முறை மடித்தோம்.