முப்பத்தொரு மில்லிமீட்டர்

படிவத்தில் பன்னிரண்டு கேள்விகள்.
கட்டடக் கலைஞர் யார்? யாருமில்லை.
பாணி? ஓட்டுக்கூரை, இரண்டு படுக்கையறை, முன்பக்கம் மூன்று படி.
பேர்பெற்ற எவரேனும் இங்கு வாழ்ந்தாரா?
பேருந்து ஓட்டிய ஒருவர் வாழ்ந்தார்.
இதுபோல் இந்தத் தெருவில் எத்தனை?
நாற்பத்தாறு இருந்தன. மூன்று இருக்கின்றன.

சிட்னிக்கு மேற்கே, ரயில் காலியாகிக்கொண்டே வரும் தொலைவு.
போர் முடிந்து செங்கல் கிடைக்காத காலத்தில்
கல்நார்த் தகடு அடித்து எழுப்பிய வீடு.
நான் நகராட்சிக்காரன்.
எது மிஞ்சலாம், எது போகலாம் என்று
மணிக்கணக்குக்குக் கூலி வாங்கிச் சொல்கிறவன்.

மெலே ஃபிஃபிதா கதவைத் திறந்தாள்,
இரவுப் பணி முடிந்த மருத்துவமனைச் சீருடையோடு.
'சுவரைத் துளைத்துவிடாதீர்கள்.'
அதுதான் வரவேற்பு.
துளைத்தால் கிளம்பும் தூசு நெஞ்சுக்குள் குடியேறும்,
நாற்பது வருஷம் சத்தமில்லாமல் இருக்கும்.
தெரியும். பையில் முகமூடி வைத்திருந்தேன்.

அளவு நாடாவைப் பிடித்தபோதுதான் உறுத்தியது.
தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே ஓர் இடுக்கு,
அதன்மேல் தேவைக்கு மீறிய அகலத்தில் ஒரு மரப்பட்டை.
அடுத்த இடுக்கிலும். அதற்கடுத்ததிலும்.
சமையலறை, கூடம், கழிப்பறை,
எங்கும் அதே முப்பத்தொரு மில்லிமீட்டர்.

வேலிக்கு அந்தப்பக்கம் துணி உலர்த்திய கார்மெனா சொன்னாள்:
'ஆர்விட்ஸ் லாட்வியாக்காரன். ஐம்பத்தொன்றில்
பெண்டாட்டியோடு கூடாரத்தில் இருந்துகொண்டு
ஞாயிறு ஞாயிறாகக் கட்டினான்.
என் அப்பா சுத்தியல் இரவல் கொடுத்தார்,
திரும்பி வரவே இல்லை.'

மிச்சத்தை நாடா சொன்னது.
அவன் மீட்டரில் யோசித்திருக்கிறான்.
ஒன்றேகால் மீட்டருக்கு ஒரு தூண் நட்டு
சட்டகம் முழுதும் ஆணியடித்து முடித்தபின்
லாரியில் வந்து இறங்கின தகடுகள்,
நாலடி அகலத்தில்.

பிரித்து அடிக்க இன்னொரு வருஷத்து ஞாயிறுகள் வேண்டும்.
வைது தீர்க்க ஆங்கிலம் போதாது.
கப்பலில் வந்த பெட்டியை அறுத்தான்.
சட்டை, கரண்டி, போர்வை எல்லாம் தரையில் வைத்துவிட்டு
பெட்டியைச் சுவரில் அடித்தான்.
கூடத்தில் பெயின்ட் உரிந்த பட்டையொன்றில்
கறுப்பு எழுத்தில் ஒரு துறைமுகம்:
ப்ரேமர்ஹா
அதோடு ரம்பம் போய்விட்டது.

'பாரம்பரியமா?' என்றாள் மெலே.
'ஆகஸ்டில் அந்த இடுக்கெல்லாம் விசிலடிக்கும்.
நீங்கள் ஒருநாள் வந்து படுத்துப் பாருங்கள்.'
மூன்று பிள்ளைகள், ஒரு மாமியார்,
அவளுக்கு இரட்டை வீடு கட்ட வேண்டும்.
நான் வெந்நீர்க் குழாய் உள்ள குடியிருப்பில்
ஆறாம் மாடியில் தூங்குகிறேன்.

ஆனாலும் எழுதினேன். நான்கு பக்கம்.
ஏழுக்கு இரண்டு என்று தள்ளுபடியானது.
எனக்கு ஒரு வாக்கு இருந்திருந்தால்
எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள்.

மார்ச்சில் வெள்ளை உடுப்பு ஆட்கள் வந்தார்கள்.
சுவரை நனைத்தார்கள். ஆணியை ஒவ்வொன்றாக உருவினார்கள்.
இருவர் இருமுனை பிடித்து, உடையாமல், அதிராமல்
தகடு தகடாக இறக்கினார்கள்.
கட்டியவன்கூட அவற்றை
இவ்வளவு பயபக்தியோடு தொட்டிருக்கமாட்டான்.
இரட்டைப் பிளாஸ்டிக் உறை, நாடா, முத்திரை.
தூசு படிந்ததென்று பட்டைகளும் அதே உறைக்குள்,
பாதித் துறைமுகமும்.

கழிவுப் பதிவேட்டின் நகல் எனக்கு வந்தது.
குழி எண், வரிசை, ஆழம், தேதி.
கீழே ஒரு வரி: எக்காலத்திலும் தோண்டலாகாது.
இருபது வருஷ வேலையில்
எந்த மாளிகைக்கும் இப்படி ஒரு வரி எழுத
எனக்கு அதிகாரம் இருந்ததில்லை.

என் படிவம் இன்னும் மேசையில் கிடக்கிறது.
பன்னிரண்டாம் கேள்வி, 'வேறு ஏதேனும் சிறப்பு'.
எதிரே அவசரக் கையெழுத்தில் 31 என்றிருக்கிறது.
அலகு போட மறந்திருக்கிறேன்.