கறுப்புத் துணிக்குள்

சுங்கை சிப்புட் பாசாரில்
விடியாத ஐந்தரை.
லுமுட்டிலிருந்து வந்த ஐஸ் லோரி
பின்கதவைத் திறந்துபோட்டுச் சொட்டிக்கொண்டிருக்கிறது.
மீன்கடைகள் முடியுமிடத்தில் என் மேசை,
தேங்காய் துருவும் மோட்டாருக்குப் பக்கத்தில்.
ஒரு ஊதா விளக்கு, ஒரு கண்ணாடித் தட்டு,
வெளிச்சம் புகாமல் மூட ஒரு கறுப்புத் துணி.
"படம் பிடிக்கிறாயா?" என்று மலாயில் கேட்கிறாள்
கங்கோங் கட்டு விற்கும் சியூ லான்.

இல்லை.
மீன் சதைக்குச் சாயம் தேவையில்லை.
ஊதாவைக் காட்டினால்
தானாகவே நீலத்தில் பதில் சொல்லும்.
நாருக்கு நார் இடையே ஓடும் கொலாஜன்
வெளிறிய கோடுகளாய்த் தெரியும்.
செத்த முதல் மணிகளில்
உயிர் எரித்ததன் மிச்சம் ஒன்று
மங்கலாய் மினுங்கி அணையும்.
பிறகு,
கொழுப்பு கெடக் கெட
வேறொரு வெளிச்சம் மெல்ல ஏறும்.

கெட்டதுதான் கூடுதலாய் ஒளிரும் என்பதை
எத்தனை பேருக்கு விளக்குவது.
நேற்றுகூட ஒருவர் துணிக்குள் எட்டிப் பார்த்து
பளபளவென்று இருந்ததைக் காட்டி
"அதையே நிறுத்துப் போடு" என்றார்.

சன்னாசி மட்டும் எட்டிப் பார்க்கவில்லை.
ஹோண்டா கப்பின் பின்னால் மீன்பெட்டி கட்டி
ஆறாங்கட்டைத் தோட்டத்துக்குப் போகிறவர்.
கெம்போங்கைக் கட்டைவிரலால் அமுக்குவார்.
"குழி எழும்புனா இன்னிக்கு.
எழும்பலன்னா முந்தாநாள்."
என் கருவிக்கு நாற்பது விநாடி.
பதினொரு மீனில்
ஒன்பதுக்கு விரலும் எண்ணும் ஒத்துப்போயின.
மீதி இரண்டைப் பற்றி
நாங்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை.

வற்புறுத்தியதால் ஒருமுறை குனிந்தார்.
சோப்புத்தூளில் வெளுத்த சட்டைக் காலர்
விளக்கடியில் குபீரென்று எரிந்தது.
மொத்தப் பாசாரிலும் அதைவிடப் பிரகாசமாய்
எதுவும் இல்லை.
சியூ லான் சிரித்தாள். அவரும்.

அப்புறம்தான் ஹேண்டில்பாரில் தொங்கிய பையைக் கேட்டேன்.
நான்கு துண்டு தெங்கிரி.
துணிக்குள் வைத்ததும்
மஞ்சளும் பச்சையுமாய் ஒரு வெடிப்பு,
என் அட்டவணையில் இல்லாத நிறம்.
எந்தத் தசையும் இப்படிப் பேசாது.
துணியை விலக்கி முகர்ந்தேன்:
மஞ்சள்தூள், உப்பு.
என் நகக்கண்ணிலும் இப்போது அதே ஒளி.

"வாசம் தெரியாம இருக்கத் தடவுனதா?"
கேட்டபின்தான் காதில் விழுந்தது,
அது சர்க்கார் குரல்.

கழுவி, நடுவில் அறுத்து,
உள்சதையை வைத்தேன்.
எண்பத்தேழு. அறுபதைத் தாண்டக் கூடாது.
திரையைத் திருப்பிக் காட்டுமுன் அவரே சொன்னார்:
"சனிக்கிழமை மீன்."
இன்று செவ்வாய்.
"விக்கிறதுக்கு இல்ல, மிஸி.
விக்காம நின்னதுதான் வீட்டுக்குப் போகும்.
மஞ்சப் போட்டுப் பொரிச்சா தெரியாது."
வெள்ளைக் கோட்டுக்காக என்னை மிஸி என்கிறார்.
நான் யாருக்கும் ஊசி போட்டதில்லை.

"தின்னா தடிப்பு வரும். அரிக்கும்."
"வரும். ரெண்டு நாள்ல போயிடும்."

பாரத்தில் இரண்டே கட்டம்:
விற்பனைக்கு.
அழிக்க.
பேனாவின் மூடி என் பல்லில்.
தேங்காய் மோட்டார் உறுமியது.
விளக்கு ஒருமுறை சிமிட்டி நின்றது.

எடுத்துக்கொள்ளச் சொல்வதா, கொட்டச் சொல்வதா
என்று நான் வாய் திறக்கவில்லை.
அவரும் கேட்கவில்லை.
அறுத்த துண்டின் மேல், பழக்கத்தில்,
கட்டைவிரலை வைத்து அமுக்கி எடுத்தார்.

இருவரும் அந்தக் குழியையே
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்,
எழும்பிவிடுமோ என்று.