கிணறு எண் பதினேழு

கத்திரி வெயிலில் எங்கள் நூலகம் நிரம்பி வழியும்.
ஆய்வு ஆர்வம் பெருகுகிறது என்று
ஆண்டறிக்கையில் எழுதிக்கொள்வோம்.
ஏசிதான் காரணமென்று
எனக்கும் வாட்ச்மேன் முனிரத்தினத்துக்கும் தெரியும்.

காட்பாடி தாண்டி, பாறைக் குன்றின் அனல் வாங்கும்
மேற்கு ஜன்னலோரம் ரூபவதி உட்காருவாள்.
நாலாவது வருஷம்.
பாலாற்றங்கரைக் கிணறுகளில் குரோமியம் எவ்வளவு
என்பது அவள் கேள்வி.
லேபிள் ஒட்டிய தண்ணீர் பாட்டில்களை
பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவருவாள்.
என் மேசையில் வைத்துவிட்டுக் கைகழுவப் போகையில்
"குடிச்சிடாதீங்க மேடம்" என்பாள்.

அவளுக்கு ஒரு பழைய பக்கம் வேண்டியிருந்தது.
வட ஆற்காடு ஒரே ஜில்லாவாக இருந்தபோது
யாரோ ஒரு அதிகாரி கிணறு கிணறாக எண்ணி வைத்த பட்டியல்.
எங்கள் பிரதியில் அந்தப் பக்கத்தை மட்டும்
பிளேடால் அறுத்து எடுத்திருந்தார்கள்,
வெகு நேர்த்தியாக.
படித்தவராகத்தான் இருக்க வேண்டும்.

நாலு ஊர் நூலகங்களுக்கு எழுதினேன்.
மூன்று ஊர் பேசவில்லை.
திருநெல்வேலியிலிருந்து ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு
வந்து சேர்ந்தது பக்கம் 214.
ஸ்கேன் கொஞ்சம் கோணல்.
தாள் சுருளாமல் அழுத்திய ஆள்காட்டி விரல்
ஓரத்தில் சேர்ந்து பதிவாகியிருந்தது.
நகத்தில் தேர்தல் மை
பாதி வளர்ந்து வெளியேறிக்கொண்டிருந்தது.
ஆணா பெண்ணா, தெரியாது.
நன்றி என்று ஒரு வரி அனுப்பினேன்.
அந்த விரலை வெட்டியெடுக்காமல்
அப்படியே சேமித்துக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் கழுத்துச் சங்கிலி இல்லாமல் வந்தாள்.
பதினெட்டாயிரம் கட்டினால்
மூன்றே நாளில் கட்டுரை அச்சேற்றும் பத்திரிகையாம்.
ஆசிரியர் குழுவைத் திறந்து காட்டினேன்.
பதினோரு பேராசிரியர்கள்,
அதில் இரண்டு பேருக்கு ஒரே முகம்.
சாயங்காலமே அடகுக்கடைக்குத் திரும்பிப் போனாள்.

ஒன்பது மாதம் கழித்து நல்ல இடத்தில் வெளியானது.
அதைப் படிக்க எங்களிடம் காசில்லை.
எங்கள் பெண் எழுதியதை, எங்கள் ஆற்றைப் பற்றி,
ஒரு நாள் எட்டிப் பார்க்க
என் மகனின் ஒரு மாத வேன் கட்டணம் கேட்டார்கள்.
ஒப்பந்தத்தின் பொடி எழுத்தைக் கண்ணாடி மாற்றிப் படித்து
அவளுடைய கைப்பிரதியை வைக்கலாம் என்று கண்டுபிடித்து
ஒரு வெள்ளிக்கிழமை நாலு ஐம்பதுக்கு
யாரும் படிக்கும்படி எங்கள் களஞ்சியத்தில் ஏற்றினேன்.
பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

ஆவணியில் ஒரு போன்.
"லைப்ரரிங்களா? நான் எத்திராஜுலு.
அந்தப் பொண்ணு மூணு வாட்டி வந்து
தண்ணி மொண்டுகினு போச்சு.
புக்குல வந்துட்டுதாமே.
எங்க கெணறு அதுல கீதா?"

அட்டவணையில் ஊர் இல்லை, பெயர் இல்லை.
வெறும் எண்கள். அவள் கொடுத்த வாக்கு அது.
யார் என்ன படித்தார் என்று
இருபது வருஷமாக யாரிடமும் சொல்லாதவள் நான்.
ரூபவதியைக் கூப்பிட்டேன்.
ராணிப்பேட்டை பஸ் ஸ்டாண்ட் இரைச்சலில் கத்தினாள்:
"ஒவ்வொருத்தருக்கும் சீட்டு குடுத்திருக்கேன் மேடம்,
அவங்க எண்ணு அவங்ககிட்ட இருக்கு!"

சீட்டைத் தேட அவருக்கு ரெண்டு நாள் ஆனது.
ரேஷன் கார்டு உறைக்குள் இருந்ததாம்.
"பதினேழு" என்றார்.

ஆண்டறிக்கைப் படிவத்தில் பயனாளர் வகை என்று மூன்று கட்டம்:
மாணவர், ஆசிரியர், ஆய்வாளர்.
அது அப்புறம்.

வரிசை தப்பிவிடாமலிருக்க
திரையில் விரலை வைத்துக்கொண்டேன்.
ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் வாசித்தேன்.
லிட்டருக்கு இவ்வளவு இருக்கலாம்,
உங்கள் கிணற்றில் அதைப்போல ஆறு மடங்கு.
திரும்ப ஒரு முறை சொல்லச் சொன்னார்.
சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"அப்ப பக்கத்துக் கெணறு?" என்றார்,
"எங்க தம்பிது."

என் விரல் பதினேழிலேயே இருந்தது.
அவருக்குப் பின்னால்
மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.