முறை மூச்சு

மயிலாடுதுறை நீச்சல்குளத்தில்
காலை ஐந்தே முக்காலுக்குக் கூட்டமிருக்காது.
காவலாளி மரியசூசை கேட்டைப் பாதி திறந்து,
"ஹாக்கியா? தண்ணிக்குள்ளயா?
பந்து மிதக்காதா?" என்றார்.

மிதக்காது.
அது பந்தில்லை, கனத்த வில்லை.
பார்சல் வந்து சேரும்வரை
கூறைநாட்டு மளிகைக் கடையில் கெஞ்சி வாங்கிய
பழைய ஒரு கிலோ எடைக்கல்,
சுற்றிலும் சைக்கிள் டியூப்.
கால் கிலோ குறையும்தான்.
எடை குறைவது எங்கள் கடைத்தெருவுக்குப் புதிதா?

மட்டை ஒரு முழம்கூட இல்லை.
பூவரசங் கட்டையில் இழைத்துத் தந்த ஆசாரி
எதற்கென்று கேட்கவேயில்லை.
கையுறையின் விரல்முட்டிகளில்
குழாய்ப் பசையை மெத்திப் பூசியும்
முதல் வாரம் எல்லார் கையிலும்
தரை ஓடு கடித்த தடம்.

அணிக்கு ஆறு பேர். நாங்கள் ஐந்து.
மருந்துக்கடை நூருன்னிசா,
மின்வாரியத்துக் குடந்தைநாதன்,
எப்போதும் சண்டையிடும் இரட்டையர்,
மூன்று மீட்டர் ஆழத்துக்கே காது வலிக்கும் நான்.
ஆறாவதாக மணல்மேட்டிலிருந்து
ஸ்கூட்டியில் வந்தாள் தையல்நாயகி.
கபடியில் முட்டி போனவள்.
மூச்சு போகவில்லை.

முதல் நாள் இறங்கினாள்,
கல்லைத் தட்டிக்கொண்டே போனாள்,
போனாள்,
யாருக்கும் தரவில்லை.
தகரத் தொட்டிக்கு ஒரு கை தூரத்தில்
கல்லை விட்டுவிட்டு மேலே பாய்ந்து
இருமினாள், இருமினாள்.

கபடியில் மூச்சு ஒருத்தருடையது.
பாடிக்கொண்டே போய்த் தொட்டுத் திரும்ப வேண்டும்.
இங்கே பாட்டில்லை.
"இங்கே தா" என்று கத்தினால்
குமிழி மட்டும் வரும்.
போனவள் போய்ச் சேர வேண்டுமென்பதில்லை,
கல் போனால் போதும்.

இதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.
விளிம்பைப் பிடித்தபடி
மூக்கைச் சிந்திவிட்டு அவளே சொன்னாள்:
"அட, முறைத்தண்ணி மாதிரில்ல இருக்கு.
ஒருத்தனே மடையைத் தொறந்து வெச்சிக்கிட்டா
கடைமடை காயும்.
எங்கப்பா இதுக்குன்னே
பதினோரு வருஷம் கோர்ட்டுக்கு அலைஞ்சாரு."

பிறகு ஒருவர் அடியில் இருக்கையில்
இருவர் மேலே கவிழ்ந்து கிடந்து
குழாயில் மூச்சிழுத்துக் காத்திருக்கப் பழகினோம்.
கீழே துடுப்புக்கால் தளர்வதைக் கண்டால்
அதுதான் அழைப்பு.
இறங்கு.

நேற்று இறங்கினேன். காது வலித்தது.
நூருன்னிசா தள்ளிய கல்
என் மட்டையில் இடித்து நின்றது.
இரண்டு உதை. நெஞ்சு முட்டியது.
இடப்பக்கம் ஒரு நிழல். தள்ளினேன்.
வெயிலை நோக்கி ஏறும்போது
காதுக்குள் எங்கோ
ணங்.

"யாரு போட்டது?"
கரையிலிருந்து மரியசூசை.
ஆறு வாய்களும் திறந்தேயிருந்தன,
ஒன்றிலும் பதிலில்லை.

ஏழு மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள்.
கல் இன்னும் தொட்டிக்குள் கிடக்கிறது.
எடுக்க இப்போது யார் முறை?