பதினொரு கிலோமீற்றர்

இரவு ஓட்டோவை நிறுத்தினபோது 48,316.
விடிய 48,327.

திறப்பு தலையணைக்கடியில்தான் கிடந்தது.
சில்லில் காயாத செம்மண்.
பின்சீற்றின் இடப்பக்கப் படங்கு
மழைக்கு இறக்கினதுபோல இறங்கியிருந்தது.
மழை பெய்து இரண்டு மாதம்.

முதலில் பக்கத்துக் காணி குணசீலனைச் சந்தேகித்தேன்.
பிறகு அவன் மச்சானை.
பிறகு, சொல்ல வெட்கம், தர்மினியை.
ஹாண்டிலில் கறுப்பு நூல் சுற்றிவிட்டு
நாலு இரவு முழித்திருந்தேன்.
ஐந்தாம் நாள்
அறுந்த நூல் கிடந்தது
என் சட்டைப்பையில்.

ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் கிளினிக்குக்கு
பஸ்ஸில் போனேன்,
என்னை நம்பி ஓட்டோவில் ஏற மனமில்லாமல்.
டொக்டர் பிள்ளை சிரிக்கவில்லை.
எங்கே போறீங்கள் என்றும் கேட்கவில்லை.
பேனையை மூடிவைத்தாள்.
"ஆர் ஏறுறது?"

பதினொன்றை இரண்டாகப் பிரித்தால்
ஐந்தரை.
ஐந்தரையில் என்ன இருக்கிறதென்று
எனக்குத் தெரியும்.
தெரியாதென்று சொல்லிச் சொல்லி
பத்திரமாக வைத்திருந்தேன்.

குளிசை இரண்டு, வெள்ளையும் மஞ்சளும்.
சில நாள் மீற்றர் அசையாது.
சில நாள் அசையும்.
அசைந்தால் அதையும் கொப்பியில் எழுதச் சொல்லியிருக்கிறாள்.
எழுதுகிறேன்.

நேற்றுச் சாமம்
ஹாண்டிலில் என் கையைக் கண்டேன்.
தர்மினி திறப்பைப் பறிக்கவில்லை.
பின்னால் ஏறி
வலப்பக்கமாக ஒதுங்கி இருந்தாள்,
இடப்பக்கத்தை விட்டு.
"போறதெண்டால் சொல்லிப்போட்டுப் போங்கோ.
நானும் வாறன்."

என்ஜின் போடாமல் இருந்தோம்.
மயில் அகவிய நேரம்
அவள் கை நீட்டி
அந்தப் படங்கைச் சுருட்டிக் கட்டினாள்.