தலைச்சுழி

மண்டபம் முகாமில் எழுதித் தந்த தாளில் நான் பிலோமினா.
சென்னையில் முத்திரை குத்தித் தந்ததில் பிலோமீனா.
மகரத்தின் தலையில் ஒரு சுழி கூட.
தெல்லிப்பழைப் பிரதேச செயலகத்தில்
பதினொரு மாதமாக
அந்தச் சுழிக்குள்தான் குடியிருக்கிறேன்.

"இது ரெண்டு ஆள்" என்றது மூன்றாம் மேசை.
"ஒராள்தான் ஐயா, இஞ்ச இருக்கிறா, பாருங்கோ"
என்றீர்கள் சுகிர்தா,
சந்தையில் பூசணிக்காயைக் காட்டுவதுபோல
என் தோளைத் தட்டி.
சிரிப்பு வந்தது. அடக்கினேன்.
அங்கே சிரித்தால் ஃபைல் அடிக்குப் போய்விடும்.

உங்கள் பதிவேட்டில் நான் முப்பத்தெட்டாவது குடும்பம்.
தனி ஆள் என்றாலும் குடும்பம் என்றுதான் எழுதவேண்டுமாம்.
நான் "ஆமாங்க" என்றதும்
வரிசையில் பின்னால் நின்றவள்
"இந்தியாக்காரி" என்றாள், மெல்லத்தான்.
அங்கே இருபத்தொன்பது வருடம்
சிலோன்காரி என்றார்கள்.
அது சத்தமாக.

அம்மா போனபோது எனக்கு ஆறு வயது.
மிச்சமெல்லாம் விடுதிப் பேச்சு.
அதனால்தான், பணிஸைப் பிய்த்துப்
பெரிய பாதியை நீட்டி
"நீர் எடும்" என்று நீங்கள் சொன்னபோது
தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் கொடுத்தேன்.
நீங்கள் சிரித்த சிரிப்புக்குக்
காவலாளி வந்து எட்டிப் பார்த்தார்.
நீ என்றால் குறைச்சல், நீங்கள் என்றால் தூரம்,
நடுவில் இங்கே இன்னொரு சொல் இருக்கிறதாம்.
என் வாய்க்கு அது வரவில்லை.
தேதி இல்லை, திகதி.
வண்டியை ஓட்டுவதில்லை, ஓடுகிறார்கள்.
கடிதத்தில் நான் எழுதிய தேதியை
மூன்றாம் மேசை சிவப்பால் வெட்டியது.

அம்மாவின் பிறப்பைத் தேடிக் கச்சேரிக்குப் போனோம்.
அந்த வருடப் புத்தகத்தைச் செல் தின்றுவிட்டதாம்.
"அப்ப, செல் திண்டது எண்டு ஒரு கடிதம் தாங்கோ" என்றீர்கள்.
அதற்குப் படிவம் இல்லை என்றார்,
உண்மையான வருத்தத்தோடு.

சித்திரையில் இரண்டாவது ஹெல்மெட் வாங்கினீர்கள்.
எனக்குக் கொஞ்சம் பெரிது.
அதற்குள் உங்கள் குரல்
கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும்.
பாதி புரியாமல் எல்லாவற்றுக்கும் ம் என்பேன்.

இன்று மல்லாகத்தில் சமாதான நீதவான்
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்:
"ரெண்டு பேருக்கும் என்ன உறவு?"
சிநேகிதி என்றீர்கள்.
"அது உறவில வராது பிள்ளை."
யோசித்து, அயலவர் என்று எழுதினார்.
நீங்கள் கோண்டாவில். நான் மயிலிட்டி.
இடையில் எத்தனை வேலி.

வெளியே வர மழை.
மழைக்கோட்டை எடுக்க ஸ்கூட்டி சீற்றைத் தூக்கினீர்கள்.
அடியில், பொலித்தீன் பைக்குள், ஒரு படிவம்,
மடிப்பில் கிழியத் தொடங்கியது.
உங்கள் கையெழுத்தில் ஓர் ஆணின் பெயர்.
அதற்குக் கீழே ஒன்றுமில்லை.
ஏழாம் இலக்கம்:
கடைசியாகக் கண்ட இடம், திகதி, நேரம்.
என்னுடையதை எல்லாம்
மும்மூன்று பிரதியாக நிரப்பிய கைதான்.

நான் கேட்கவில்லை.
"அதை நனைய விடாதேயும்" என்றீர்கள்,
பஸ் வருகிறதா என்று பார்ப்பவர் போல
றோட்டைப் பார்த்துக்கொண்டு.

பையில் ஓட்டை.
என் ஃபைலைத் திறந்தேன்.
செல் தின்ற அம்மாவுக்கும்
சுழி கூடிய எனக்கும் நடுவே
அவரை வைத்தேன்.
"கலந்துபோயிடுமே பிலோமி."
போகட்டும்.

ஒரே மழைக்கோட்.
யாருக்கென்று வழக்கமாகத் தகராறு வரும்.
இன்றைக்கு ஃபைலுக்குச் சுற்றினோம்.
அதை உங்கள் முதுகுக்கும் என் வயிற்றுக்கும் இடையில்
அழுத்திப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.
நீங்கள் சாவியைத் திருகாமல் இருந்தீர்கள்,
கொஞ்ச நேரம், ஹெல்மெட்டில் மழை விழ.

"சரி" என்றேன்.
"நீர் ஓடும்."