கொஞ்சம்

இரண்டு பத்துக்கு அழைத்தார் சகாயமேரி சிஸ்டர்.
"சார், அந்த வயித்துவலிக்காரரு
கண்ணைக் கொஞ்சம் திறக்க மாட்டேங்கிறாரு."
தூங்குகிறார் என்றேன்.
ஊசி எழுதியிருக்கிறேன், காலையில் பார்க்கலாம்.

மறுமுனையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்.
திருத்துறைப்பூண்டிக்கு வந்து எனக்குப் பதினோரு நாள்.
அந்த வார்டில் அவருக்கு
பத்தொன்பது குறுவை.

"தூக்கமில்ல சார்.
ராத்திரி மோட்டார் கொட்டாயில
தரையில படுத்திருந்தாராம்.
கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போயிடுங்களேன்."

போனேன்.
டார்ச் வெளிச்சத்தில்
சிஸ்டர் விரலால் இமையைத் தூக்கினார்.
விட்டதும் விழுந்தது, கடை ஷட்டர் மாதிரி.
வீக்கமில்லை, பல்தடமில்லை.

ட்ரேயில் பத்துக் குப்பிகள்.
ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நேரமாகியிருக்க வேண்டும்,
மேலெல்லாம் வியர்த்திருந்தது.
ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை,
என் வாயிலிருந்து வரவேண்டிய ஒரு சொல்லுக்காக.

விடிந்தபின் அவர் டீ கேட்டார்.
கேஸ் ஷீட்டைப் புரட்டினேன்:
'2.10. மருத்துவருக்குத் தெரிவிக்கப்பட்டது.'
அதற்கு நான் சொன்ன பதில் அங்கே இல்லை.
ஒரு வரி காலியாக விட்டிருந்தார்.

"கட்டுவிரியன்னு நேராவே சொல்லியிருக்கலாமே சிஸ்டர்?"

கையுறையைக் கழற்றிக்கொண்டே
"அத நான் சொல்லலாமா சார்?" என்றார்.
கேள்வியா பதிலா, விளங்கவில்லை.
சொல்லணும் என்றேன். என் குரல்தான்
எனக்கே சரியாகக் கேட்கவில்லை.
ஏழு இருபது வேதாரண்யம் பஸ்ஸுக்கு
அவர் போய்விட்டார்.

இன்றிரவு மறுபடி போன்.
"சார், வாங்க."
அவ்வளவுதான்.

ஒரு செருப்புதான் அகப்பட்டது எனக்கு.